வராதவர் பட்டியல்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த அச்சுப்பொறி ஓடத் தொடங்கும். தகரத்தை ரம்பம் வைத்து அறுப்பதுபோல ஒரு சத்தம். வெளியே பெஞ்சில் சளிக் குப்பியோடு காத்திருப்பவர்கள் முதல் சில வாரங்கள் அதைக் கேட்டு எழுந்து நின்றார்கள், பிறகு பழகிவிட்டது. இரண்டு ஓரங்களிலும் துளை போட்ட நீளமான தாள் மடிப்பு மடிப்பாக வந்து என் காலடியில் விழும். பெயர், வயது, முகவரி, கடைசியாக மருந்து வாங்கிப்போன தேதி, எத்தனை வாரமாக வரவில்லை என்ற எண். முழுதும் வெளியே வரும்வரை டாக்டரால் பொறுக்க முடியாது. தன் அறையிலிருந்து எழுந்துவந்து இயந்திரத்தின் வாயருகே குனிந்து நின்று வரி வரியாகப் படிப்பார். படிக்கும்போது உதடு அசையும். யாராவது இரண்டு வாரத்துக்குமேல் வராமலிருந்தால் அந்தப் பெயரை மட்டும் சத்தமாகச் சொல்வார், எதிரில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல.

மட்டாஞ்சேரியில் அரசாங்கத்தின் சிறிய காசநோய் மருத்துவமனை அது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தவர். அவர் போன பிறகு அதே கிடங்கில் அண்ணன் சேர்ந்தான். வீட்டில் அம்மா, அண்ணன், நான். பேசுவது தமிழ், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எனக்கு வேலை கிடைத்ததும் அந்த மலையாளத்தால்தான்.

நான் சேர்ந்த அடுத்த வருடம் டாக்டர் மாற்றலாகி வந்தார். நாற்பது வயது இருக்கும். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்மணி. நான் தமிழ்க்காரி என்று தெரிந்ததும் என்னிடம் தமிழிலேயே பேச ஆரம்பித்தார். "பேச நல்லா அறியும் எனக்கு. வாசிக்கத்தான் அறியாது," என்றார். இனிமையான மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. கோபம் வந்தால் கையிலிருக்கும் ஃபைலை மேஜைமேல் அறைவார். மன்னிப்புக் கேட்கவும் மாட்டார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துவிட்டு சாப்பிட மறந்துபோவார்.

வந்த வாரமே மர அலமாரியைத் திறக்கச் சொன்னார். உள்ளே நோயாளிகளின் மஞ்சள் அட்டைகள் கட்டுக் கட்டாக, சணலால் கட்டி, தூசும் உப்புக் காற்றின் ஈரமுமாக இருந்தன. ஒரு கட்டைப் பிரித்துப் பத்து அட்டைகளை உருவினார்.

"இவங்க எல்லாரும் மருந்து சாப்பிட்டுட்டு இருக்காங்களா?"

"ரிஜிஸ்தர்ல அப்படித்தான் இருக்கு டாக்டர்."

அந்தப் பத்து அட்டைகளையும் ஹெல்த் விசிட்டரிடம் கொடுத்தார். நோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் பார்த்துவருவது அவருடைய வேலை. சைக்கிளில் சுற்றும், வெற்றிலை போடும், நாற்பதைத் தாண்டிய மட்டாஞ்சேரிக்காரர். என்னைப் 'பெங்ஙளே' என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார். நான்கு நாள் அலைந்துவிட்டு வந்து அட்டைகளை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். பாதிப் பேர் மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். டாக்டர் ஒரு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவர் செத்து எட்டு மாசம் ஆச்சு. நம்ம ரிஜிஸ்தர்ல இப்பவும் மருந்து சாப்பிட்டுட்டு இருக்கார்," என்றார். அன்றைக்கு அவர் ஃபைலை அறையவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

காசநோய்க்கு அப்போது ஒன்றரை வருடம்வரை மருந்து சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதமே இருமல் நிற்கும், உடம்பு தேறும், பசி எடுக்கும். நோய் போய்விட்டது என்று மனிதன் நம்பிவிடுவான். நம்பி நிறுத்தினால் நோய் திரும்பி வரும். அப்போது அதே மருந்து அதைத் தொடாது. அப்படி நிறுத்துகிறவனை அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டால் காப்பாற்றலாம். ஆனால் ஆயிரக்கணக்கான அட்டைகளுக்குள் இந்த வாரம் வராதவன் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வந்தவர்களை எழுத ரிஜிஸ்தர் இருந்தது. வராதவர்களை எழுத எங்களிடம் எதுவும் இல்லை.

டாக்டர் இதற்காகச் செய்து பார்த்ததை எல்லாம் இன்று சொன்னால் சிரிப்பார்கள். அட்டைகளின் ஓரத்தில் சுற்றிலும் துளை போட வைத்தார். ஒவ்வொரு துளையும் ஒரு வாரம். நோயாளி வந்தால் அந்தத் துளையை ஓரம்வரை கத்தரித்துவிட வேண்டும். பிறகு ஒரு கட்டு அட்டையை நிறுத்திவைத்து, அந்த வாரத்துத் துளையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைச் செருகித் தூக்கினால், வந்தவர்களின் அட்டை கீழே உதிரும், வராதவர்களின் அட்டை ஊசியில் தொங்கும். நானும் அவரும் ஒரு கோடை முழுக்கத் துளை போட்டோம். முதல் இரண்டு மாதம் அருமையாக வேலை செய்தது. பிறகு மழை வந்தது. அட்டைகள் ஈரத்தில் ஊதின, துளைகள் சுருங்கின, ஊசி போகவில்லை. அழுத்தினால் அட்டை கிழிந்தது. ஒரு மாலை அவர் ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, "எடோ, இது காகிதத்தால நடக்கற காரியம் இல்ல," என்றார்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். மாவட்ட அலுவலகத்துக்கு, இயக்குநரகத்துக்கு, செயலகத்துக்கு என்று வருடக்கணக்கில் போயின. மழை ஒழுகும் கூரைக்கே பதில் வராத இடத்தில் கம்ப்யூட்டருக்கு யார் பதில் போடுவார்கள்? கடைசியில் எண்பதுகளின் நடுவில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி புது இயந்திரம் வாங்கியபோது தன் பழையதைக் கொடுத்தது. பச்சை எழுத்து ஒளிரும் திரை, இரண்டு ஃபிளாப்பிச் செருகுகள், ஒரு அச்சுப்பொறி. அதற்கான நிரலை எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் சனிக்கிழமைகளில் வந்து எழுதிக் கொடுத்தார். தொழிற்சங்கத்துக்காரர்கள் வாசலில் தட்டி வைத்தார்கள், கம்ப்யூட்டர் வேலையைத் தின்னும் என்று. டாக்டர் வெளியே போய் அவர்கள் முன்னால் நின்றார். "யாரோட வேலையை? வராதவங்களைத் தேடி லிஸ்ட் எடுக்கற வேலையை இதுவரைக்கும் இங்கே ஒருத்தரும் செஞ்சதே இல்லையே?" தட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் இயந்திரத்தை யாரும் தடுக்கவில்லை.

எல்லா அட்டைகளையும் ஒவ்வொன்றாக நான்தான் அதில் ஏற்றினேன். ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றை வைத்த பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டோம். மின்சாரம் போனால் அரைநாள் வேலை போகும். மழைக்காலம் முழுதும் ஆனது. முதல் பட்டியல் வந்த திங்கட்கிழமை விசிட்டர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வாரம் நாலு பேரைத் திரும்பக் கூட்டிவந்தார். டாக்டர் அன்று எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்த மிகச்சில தடவைகளில் அது ஒன்று.

இனிமேல் எழுதுவது எனக்குக் கடினம்.

அண்ணன் இருமிக்கொண்டிருந்தான். கிடங்கில் மிளகுத் தூசியிலும் சுக்குத் தூசியிலும் நிற்கிறவர்கள் எல்லாரும் இருமுவார்கள் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் துவைக்கப் போட்ட அவன் துண்டில் சிவப்பாக ஒரு கறை. அம்மா வெற்றிலை என்றாள். அவன் வெற்றிலை போடுவதில்லை. நான் தினமும் இருபது பேருக்கு அதை அட்டையில் எழுதுகிறவள்.

அந்தச் சமயம் பாலக்காட்டிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில அவன் பேரு விழுந்தா இந்தக் கொச்சங்காடி முழுக்க அறியும்டி. அந்த சைக்கிள்காரன் நம்ம வாசல்ல வந்து நின்னான்னா தீர்ந்துச்சு. நீ எழுதறவதானே? வேற பேரு எழுது மோளே." விசிட்டரின் சைக்கிள் எந்த வாசலில் நின்றாலும் அது எதற்காக என்று தெருவுக்கே தெரியும். அது உண்மைதான். அண்ணன் சிரித்தான். "எந்தப் பேரா இருந்தா என்ன? மாத்திரை ஒண்ணுதானே," என்றான்.

அம்மா சொன்னாள் என்று அவள்மேல் பழியைப் போட முடியாது. பேனா என் கையில் இருந்தது. 'வேலாயுதன்' என்று எழுதினேன். வீட்டுப் பெயர் ஒன்றை நானே உண்டாக்கினேன். ஊர் தேவரா. பஸ்ஸில் கடந்துபோனதைத் தவிர எனக்குத் தேவராவில் ஒரு மனிதரையும் தெரியாது. அதனால்தான் அந்த ஊர். கூட்டம் அதிகமான ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தான். டாக்டர் அவனை நிறுத்தி நிதானமாகப் பரிசோதித்தது கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது. "ஒரு நாள்கூட விடக் கூடாது, கேட்டோ?" என்று சொன்னதும் கேட்டது. வெளியே வந்து அவன் என் மேஜைமுன் நின்று, முன்பின் தெரியாத ஆளைப்போல மலையாளத்தில், அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டான். நான் தேதி சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் வேலாயுதனை இயந்திரத்தில் ஏற்றினேன். அது எல்லாப் பெயரையும்போல அதையும் ஏற்றுக்கொண்டது.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தான். புது மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது என்று முதலில் பயந்தான், பிறகு அதை வைத்தே கேலி பேசினான். கன்னம் நிரம்பியது. பாலக்காட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு தபால் அட்டை வந்தது. எதற்காகப் பொய் எழுதினேனோ அது அதோடு முடிந்தது. அப்போதே அட்டையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அரசாங்க ஆவணத்தில் பொய் எழுதியவள் என்று தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் அதற்குள் வந்துவிட்டது. முதல் பயம் போன இடத்தில் இரண்டாவது பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான்காவது மாதம் அண்ணன் கிடங்கு வேலையை விட்டான். ஏலூரில் ஒரு ஆலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் மூட்டை சுமக்க ஆள் எடுத்தார்கள். கூலி அதிகம், தங்கும் கொட்டகையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். அங்கேயே ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறேன் என்றான். நம்பினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நம்புவது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை அச்சுப்பொறியின் வாயில் அந்தப் பெயர் வந்தது. டாக்டர் குனிந்து படித்துவிட்டு, "வேலாயுதன்," என்றார் சத்தமாக.

விசிட்டர் படகேறி எர்ணாகுளம் போய் அங்கிருந்து தேவரா போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அங்ஙனெ ஒரு வீடே இல்லா பெங்ஙளே," என்றார். அடுத்த வாரமும் பெயர் வந்தது. அவர் மறுபடியும் போனார். கோயில் பக்கம் கேட்டார், கடைகளில் கேட்டார், தபால்காரரைக் கேட்டார். தன் முப்பது வருட வேலையில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது அவருக்குப் பெரிய அவமானம். மூன்றாவது முறை வெயிலில் அலைந்துவிட்டு வந்து என் மேஜையருகே தரையில் உட்கார்ந்தார். நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். இருமறனா? நூறு மூட்டை தூக்கறேன் ஒரு நாளைக்கு. உன் ஆஸ்பத்திரிக்கு ஆள் போதலையா?" அம்மா அவன் பக்கம் பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் தவறாமல் வந்தான், தாளில், ஐந்து வாரம், ஆறு வாரம், ஏழு வாரம் என்று.

அப்போதுதான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இந்த முறையை மாவட்டம் முழுதும் உள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகலாமா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியவர். டாக்டர் ஏழெட்டு வருடம் எழுதிய கடிதங்கள் எல்லாம் சேர்ந்து கூட்டிவந்த நாள் அது. அன்று அவர் இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார். பட்டியல் வந்தது. அதிகாரி அதை மேலிருந்து கீழே பார்த்தார். "ஒன்பது வாரமா ஒரு ஆள் இதிலே இருக்கான். லிஸ்ட் எடுத்து என்ன பிரயோஜனம்? வாங்க, இவனைப் போய்ப் பார்க்கலாம்," என்றார். அவர் விரல் வேலாயுதன்மேல் இருந்தது.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறினேன். தோப்பும்படி வழியாக, பாலம் தாண்டித் தேவரா. வழியெல்லாம் டாக்டர் தன் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம் தேடினோம். ஒரு பலசரக்குக் கடைக்காரர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "இது யாரோ தமாஷுக்கு எழுதினதாக்கும் சாறே," என்று சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஜீப்பின் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "இல்லாத ஆளுக்கு மூணு மாசம் மருந்து கொடுத்திருக்கீங்க டாக்டர். விலை அதிகமான மருந்து. அது யாருக்குப் போச்சு?"

எட்டு வருடத்தில் டாக்டர் பேச்சில்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பேசியிருக்கலாம். அந்த இடத்தில், அந்தக் கடைமுன், ஒரு வாக்கியம் போதும். மருந்தைத் திருடி விற்றதாகச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு அவர் ஜீப்பில் ஏறினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை மேஜைமேல் கிடந்த ஃபைல்மேல் இருந்தது. அறையப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"அவன் இப்போ எவிடெ?" என்றார். அவசரத்தில் அவருக்குத் தமிழ் போய்விடும்.

"ஏலூர்ல டாக்டர்."

"பையை எடு."

படகில் எர்ணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் ஏலூர். வழியில் அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆலைகளின் வாடை கண்ணைக் கரித்தது. விசாரித்து விசாரித்து ஆற்றோரத்தில் அந்தக் கொட்டகையைக் கண்டுபிடித்தோம். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மூலையில் சாக்கின்மேல் அண்ணன் படுத்திருந்தான். ஒரு மாதத்தில் மனிதன் இவ்வளவு சுருங்குவானா என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் ஒரு தகரக் குவளை. அதற்குள் நான் பார்க்கவில்லை.

டாக்டர் மண் தரையில் உட்கார்ந்தார். "வேலாயுதா," என்று கூப்பிட்டார்.

அண்ணன் கண்ணைத் திறந்து, "டாக்டர்," என்றான். எழுந்து உட்கார முயன்றான். பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். ஸ்டெதாஸ்கோப்பை அவன் முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு டாக்டர் கேட்டார்: "உன் நெசப் பேரு என்ன?"

அவன் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். "தேடி ஆள் வந்தாங்களா டாக்டர்?" என்று கேட்டான். "எல்லா வாரமும் வந்தாங்க," என்றார் அவர்.

அவனை அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அவன் சொந்தப் பெயரில் சேர்த்தோம். பழைய மருந்து அவனைத் தொடவில்லை. வேறு மருந்துகளை டாக்டர் எங்கெங்கோ சொல்லி வரவழைத்தார். அவை குமட்டலையும் காதடைப்பையும் கொடுத்தன, வேறொன்றும் கொடுக்கவில்லை.

மருந்து விஷயமாக விசாரணை வந்தது. நான் என் தவற்றை எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். அலுவலக மலையாளத்தில் நாள் முழுக்க எழுதுகிறவளுக்கு அன்று மலையாளத்தில் ஒரு வரியும் வரவில்லை. தமிழில் எழுதினேன், இரண்டு பக்கம். கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்க அறியாதே," என்றார். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டாக்டர், அப்போ உங்க பேரு..."

"உன் அண்ணனுக்கு முட்டையும் பாலும் யாரு வாங்குவா? உன் அம்மாவா?" குரலில் பழைய கோபம் முழுசாக இருந்தது. "உன்மேல எனக்குத் தேஷ்யம் போகலை. போகும்னும் தோணலை. நீ போய் உன் வேலையைப் பாரு."

விசாரணையில் அவர் சொன்னது ஒன்றுதான்: நோயாளி தவறான முகவரி கொடுத்திருக்கிறார், அதைச் சரிபார்க்காதது தன்னுடைய குறை. அந்த நோயாளி இவன்தான் என்று அண்ணனைக் காட்டினார், அவன் எனக்கு யார் என்று சொல்லவில்லை. பழைய மருந்துக்கு அடங்காத அவன் உடம்பே அதைச் சாப்பிட்டதற்குச் சாட்சி என்பதால் திருட்டுப் பழி விழவில்லை. திட்டம் விழுந்தது. அறிக்கையில் இந்த முறை நம்பத்தக்கதல்ல என்று எழுதினார்கள். இயந்திரத்தைச் சாக்கில் சுற்றி மாவட்டக் கிடங்குக்கு எடுத்துப்போனார்கள். ஃபிளாப்பிப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பை நான்தான் கழற்றினேன். டாக்டரை வடக்கே ஒரு மலையோர ஊருக்கு மாற்றினார்கள். அந்தத் தமிழ்க் காகிதத்தை மலையாளத்தில் மாற்றி எழுத எனக்கு ஒரு மணி நேரம் போதும். எழுதவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக எழுதவில்லை. அவர் கிளம்பிய நாளில் விசிட்டர் படகுத் துறைவரை பெட்டி தூக்கிப் போனார். நான் மேஜையை விட்டு எழவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் இறந்தான். காரியம் முடிந்த வாரம் டாக்டரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. என் நலம் பற்றி எதுவும் இல்லை. மலையாளத்தில் இரண்டே கேள்விகள். அண்ணன் எப்படி இருக்கிறான்? திங்கட்கிழமை லிஸ்ட் நடக்கிறதா?

முதல் கேள்விக்கு உள்ளதை எழுதினேன். இரண்டாவதற்கு, நடக்கிறது என்று எழுதினேன். அது பொய். அவர் போன பிறகு அட்டைகள் மறுபடியும் சணலுக்குள் போய்விட்டன. கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன், அலமாரியைத் திறந்தேன், சணலை அவிழ்த்தேன். அன்று முழுதும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, வராதவர்களைக் கையால் எழுதி, கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து விசிட்டரிடம் கொடுத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அண்ணனைப் பற்றி அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. வெயிலில் தன்னை அலையவிட்டவள் யார் என்றும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பட்டியல் திங்கட்கிழமை முடியாமல் புதன்கிழமைவரை ஆகும். சில வாரம் முடியவே முடியாது. அதில் தவறிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இயந்திரம் இருந்திருந்தால் தவறியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

இன்று அதே வேலையை ஒரு பெண் கைக்கு அடக்கமான கருவியில் செய்கிறாள். மாத்திரை சாப்பிடாத அன்றே நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசி போகிறதாம். இதை முதலில் இந்த ஊரில் செய்து காட்டியவர் ஒரு டாக்டர் என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். பேர் என்ன ஆன்ட்டி என்று கேட்டாள். சொன்னேன். அவள் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாமல் போனதற்குக் காரணம் நான் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு காலையைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அண்ணன் போன அடுத்த வருடம். ஒரு தாய் தன் பத்தொன்பது, இருபது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் முக்காட்டை வாய்மேல் இழுத்துப் பிடித்து இருமிக்கொண்டிருந்தாள். நான் புது அட்டையை எடுத்துப் பெயர் கேட்டேன். தாய் ஒரு கணம் தயங்கி ஒரு பெயர் சொன்னாள். மகள் தலையைக் குனிந்தாள். முகவரி கேட்டேன், தோப்பும்படி என்றாள், எந்தத் தெரு என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தாள். அந்தத் தயக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

பேனாவை மூடி வைத்தேன். பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், என் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்பட. "இந்த நோய்ல என் அண்ணன் செத்துப்போனான்," என்றேன், எல்லாருக்கும் கேட்கிற குரலில், மலையாளத்தில். அவன் பெயரைச் சொன்னேன். கொச்சங்காடியில் எங்கள் வீடு எது என்று சொன்னேன். "நான்தான் அவனுக்குப் பொய்யா அட்டை எழுதினேன். தேடிப் போனவங்களுக்கு வீடு கிடைக்கலை."

தாய் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமாகத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மகள் அவள் கையை விட்டுவிட்டு மேஜையருகே வந்தாள். முக்காட்டை விலக்கித் தன் பெயரைச் சொன்னாள். நான் எழுதினேன். தெருவைச் சொன்னாள், எழுதினேன். பிறகு நான் கேட்காமலே, "பள்ளிவாசலுக்குப் பின்னால, கிணறு தாண்டி மூணாவது வீடு. நீலக் கதவு," என்றாள்.

அதையும் எழுதினேன்.